ஒரு நடையில் நாலு வேலை: திருச்சியை வைத்து நகர மையத்தைப் புரிந்துகொள்வோம்

லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா காலை ஒன்பதரை மணிக்குத் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு கட்டைப்பை. அதற்குள் மகளின் புதுப் புடவை, பர்ஸில் மடித்து வைத்த அறுந்துபோன சங்கிலி. மெயின்கார்டு கேட்டைத் தாண்டிக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து பெரியகடைவீதிக்குப் போகிறார். சங்கிலியைப் பத்தரிடம் கொடுத்ததும் "ஒரு மணி நேரம் ஆகும்மா, போய்ட்டு வாங்க" என்கிறார் அவர். அந்த ஒரு மணி நேரத்தில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்து, அதே நிறத்தில் ஜாக்கெட் துணியும் லைனிங்கும் எடுத்து, எவர்சில்வர் குடம் ஒன்று விலை கேட்டு, மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு வருகிறார். சங்கிலி தயார். டிபன் முடித்து இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

ஊரில் இதை "ஒரு நடை போய்ட்டு வந்துட்டேன்" என்பார்கள். நகர மையம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இந்த 'நடை' என்ற சொல்லை வைத்துத்தான் நான் விளக்கத் தொடங்குவேன். ஒரு நடையில் நாலு வேலை முடிகிற இடம்தான் நகர மையம். உயரமான கட்டடம், பெரிய சிலை, மாநகராட்சி அலுவலகம் இதெல்லாம் அங்கே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் ஒரு வேலைக்காக வந்தவர் இன்னும் மூன்று வேலையை நடந்தே முடித்துவிட்டுப் போக முடிகிறதா என்பது முக்கியம். முடிந்தால் அது மையம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தால், அங்கே எத்தனை மாடி எழுந்தாலும் அது கட்டடங்கள் நிற்கும் இடம்தான்.

திருச்சியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்னை மாதிரி பெருநகரங்களுக்கு ஒரே மையம் கிடையாது, தி.நகர், பாரிமுனை, அண்ணா சாலை என்று பல உண்டு. சின்ன ஊருக்கு மையம் என்பதே நாலு ரோடு சந்திப்புதான். நடுத்தர நகரத்தில்தான் இந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது. பழைய மையம் இன்னும் வேலை செய்கிறது, புதியது ஒன்று தெற்கே எழுந்துகொண்டிருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஊர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சுமார் 8.5 லட்சம் பேர் இருந்த திருச்சி இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறது.

மையம் எப்படி உருவானது

மலைக்கோட்டையைச் சுற்றி ஒரு காலத்தில் நிஜமாகவே கோட்டை மதில் இருந்தது, அதைச் சுற்றி அகழியும் இருந்தது. மதிலுக்குள்தான் ஊர். 19ஆம் நூற்றாண்டில் மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, அந்தத் தடத்தில் அகலமான சாலைகள் போடப்பட்டன. ஆங்கிலேயர் அவற்றுக்கு 'பூல்வார்டு' என்று பெயர் வைத்தார்கள். திருச்சிக்காரர்கள் வாயில் அது மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்று ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்த ரோடுகளில் நடந்தால் பழைய கோட்டையின் ஓரத்தைச் சுற்றி வருகிறீர்கள் என்று அர்த்தம். மெயின்கார்டு கேட் அந்தக் கோட்டை வாசலின் மிச்சம்.

கோட்டைக்குள் இடம் குறைவு, அதனால் தெருக்கள் குறுகல். வீட்டு மனைகள் பத்தடி, பன்னிரண்டடி அகலத்தில் உள்ளே நீண்டுகொண்டே போகும். தெருமுகம் சின்னதாக இருந்தால் ஒரே தெருவில் நிறைய கடை வைக்கலாம், நிறைய கடை இருந்தால் கொஞ்ச தூரத்தில் நிறைய வேலை முடியும். கோட்டைக்காலத்து நெருக்கடிதான் இன்றைய கடைவீதியின் பலம்.

இன்னொரு பக்கம், கோட்டைக்குத் தெற்கே கண்டோன்மென்ட் வந்தது. ஆங்கிலேயப் படையும் அதிகாரிகளும் இருப்பதற்காக அமைக்கப்பட்ட பகுதி அது. பெரிய பெரிய காம்பவுண்டு, அகலமான ரோடு, மரங்கள். 1860-களில் ரயில் வந்தபோது ஜங்ஷன் அந்தப் பக்கம் அமைந்தது. கலெக்டர் அலுவலகம், பிற்காலத்தில் மத்தியப் பேருந்து நிலையம் எல்லாம் அங்கேதான். ஆக, திருச்சிக்கு ரொம்ப காலமாகவே இரண்டு முனை. வாங்கவும் கும்பிடவும் படிக்கவும் மலைக்கோட்டைப் பக்கம்; அரசாங்க வேலைக்கும் வெளியூர் போகவும் ஜங்ஷன் பக்கம். உறையூரும் ஸ்ரீரங்கமும் இவற்றைவிடப் பழைய ஊர்கள். 1928-ல் ரயில்வே பணிமனையோடு பொன்மலை வளர்ந்தது, 1960-களில் திருவெறும்பூர்ப் பக்கம் பெல் தொழிற்சாலை வந்தது. 1994-ல் திருச்சி மாநகராட்சியானபோது ஸ்ரீரங்கமும் பொன்மலையும் அதில் சேர்ந்தன. நாம் 'ஒரு நகரம்' என்று சொல்வது பெரும்பாலும் இப்படி நாலைந்து ஊர்கள் ஒட்டிக்கொண்டதுதான்.

ஒரே மாதிரிக் கடைகள் ஏன் பக்கத்துப் பக்கத்தில்?

புதிதாக இதைப் படிப்பவர்களுக்கு வரும் முதல் சந்தேகம் இது. நகைக்கடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு நகைக்கடை வைத்தால் வியாபாரம் போட்டியில் போய்விடாதா?

போகாது. நகை வாங்குகிறவர் ஒரே கடையைப் பார்த்து வாங்குவதில்லை. நாலு கடை ஏறி இறங்கி, செய்கூலி சேதாரம் கேட்டு, பிறகுதான் பணத்தை எடுப்பார். நாலு கடை ஒரே தெருவில் இருந்தால் அவர் அந்தத் தெருவுக்கு வருவார். ஒரு கடை மட்டும் தனியாக ஒரு மூலையில் இருந்தால் அங்கே போகவே யோசிப்பார். கடைக்காரருக்குப் போட்டியாளர் பக்கத்தில் இருப்பதால் வரும் நஷ்டத்தைவிட, கூட்டம் வருவதால் கிடைக்கும் லாபம் பெரிது. அதோடு, நகைக்கடை நாலு இருந்தால் பற்றவைக்கும் பத்தர், மெருகு போடுபவர், நகைப்பெட்டி விற்பவர் எல்லாரும் சுற்றி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஜவுளிக்கடை இருந்தால் ஃபால்ஸ், பீகோ, லைனிங், பட்டன் கடைகள் வரும். பெரிய கடை சின்ன கடையைக் கூட்டிவரும். சின்ன கடைகள் இருப்பதாலேயே பெரிய கடைக்கு ஆள் வரும். மலைக்கோட்டை அடிவாரத்து என்.எஸ்.பி. ரோட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்தக் கூடுகைதான் நகரப் பொருளாதாரத்தின் அடிப்படை. சட்டம் போட்டு இதை உருவாக்க முடியாது. பல தலைமுறையாகச் சேர்வது. கலைப்பது மட்டும் ரொம்ப சுலபம்.

நிலத்தின் விலை எப்படி ஊரை நகர்த்துகிறது

கூட்டம் வரும் இடத்தில் எல்லாருக்கும் கடை வேண்டும். ஆனால் இடம் கொஞ்சம்தான். அதனால் எந்தத் தொழில் அதிக வாடகை தாங்குமோ அது முன்னால் உட்காரும். சதுர அடிக்கு அதிக வருமானம் தருவது நகை, ஜவுளி, செருப்பு, செல்போன். அவை தெருமுகத்தைப் பிடித்துக்கொள்ளும். மரச்சாமான் கடைக்கு இடம் நிறைய வேண்டும், வியாபாரம் மெதுவாக நடக்கும், அதனால் அது தள்ளிப் போகும். இன்னும் இடம் தேவைப்படும் கிடங்கு, பட்டறை, கல்யாண மண்டபம் எல்லாம் இன்னும் வெளியே. மையத்திலிருந்து விளிம்புக்குப் போகப் போக வாடகை இறங்கும், ஒவ்வொரு தொழிலும் தனக்குக் கட்டுப்படியாகும் வளையத்தில் போய் நிற்கும். எந்த நடுத்தர நகரத்தை எடுத்தாலும் இந்த ஒழுங்கு ஓரளவுக்குத் தெரியும்.

வீடுதான் இதில் முதலில் தோற்கும். கடைவீதியில் இருக்கும் பழைய வீட்டின் கீழ்த்தளத்தைக் கடைக்கு விட்டால் வரும் வாடகையில் தில்லைநகரில் வசதியாகக் குடியிருக்கலாம். அப்படித்தான் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தில்லைநகரே இதற்கு அடுத்த பாடம். குடியிருப்புக்கென்றே திட்டமிட்டுப் போட்ட பகுதி அது. முதல் கிராஸ், இரண்டாவது கிராஸ் என்று எண் போட்ட நேர்த்தெருக்கள், அகலமான மெயின் ரோடு. முதலில் டாக்டர்கள் வீட்டு முன்னறையில் கிளினிக் வைத்தார்கள். பிறகு மருந்துக்கடை, லேப், ஆஸ்பத்திரி, பேங்க், ஓட்டல், துணிக்கடை. கார் நிறுத்த இடம் இருந்ததால், காரில் வருகிற வாடிக்கையாளர் மலைக்கோட்டையை விட்டு இங்கே திரும்பினார். யாரும் 'இரண்டாவது மையம் அமைப்போம்' என்று தீர்மானம் போடவில்லை. வாடகைக் கணக்கும் கார் நிறுத்தும் இடமும் சேர்ந்து அதைச் செய்துவிட்டன.

ஊர் ஏன் தெற்குப் பக்கமாகவே வளர்கிறது என்று கேட்டால், வரைபடத்தைப் பார்த்தாலே பதில் தெரியும். வடக்கே காவிரி, அதைத் தாண்டிக் கொள்ளிடம். மேற்கே வயலூர் ரோட்டுப் பக்கம் உய்யக்கொண்டான் வாய்க்கால் பாயும் நஞ்சை. தெற்கே மேட்டு நிலம், அங்கேதான் மதுரை, புதுக்கோட்டைச் சாலைகளும் விமான நிலையமும் இருக்கின்றன. ஆனால் மேட்டு நிலம் என்றால் தண்ணீர் வராது என்று அர்த்தம் இல்லை. அந்தப் பக்கத்துக் காட்டாறு கோரையாறு. 2005 நவம்பர் மழையில் அது பெருகியபோது, வயலாகவும் வாய்க்காலாகவும் இருந்த இடங்களில் எழுந்த தெருக்களுக்குள் வெள்ளம் புகுந்தது. நஞ்சை நிலத்தை மனையாக்கும்போது தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு மனை வரைபடத்தில் இடம் இருப்பதில்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். மனை வாங்கியவர் வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்குகிறார், அவருக்கு அந்த வாய்க்காலின் பெயர்கூடத் தெரியாது.

விளிம்பில் வளர்வதற்கு இன்னொரு செலவும் உண்டு. அதை நூறு மீட்டர் குழாயை வைத்துப் பார்க்கலாம். கடைவீதியில் நூறு மீட்டர் தெரு. கடைக்குப் பத்தடி முகம் என்றால் ஒரு பக்கம் 32, இரண்டு பக்கமும் சேர்த்து 64 கடைகள். அந்த நூறு மீட்டர் குடிநீர்க் குழாய்க்கும், பாதாளச் சாக்கடைக்கும், தெருவிளக்குக்கும் 64 பேர் வரி கட்டுகிறார்கள். மாடிகளைச் சேர்த்தால் இன்னும் அதிகம். இப்போது ஊருக்கு வெளியே ஒரு லேஅவுட். மனைக்கு நாற்பதடி முகம். அதே நூறு மீட்டருக்கு 16 மனைதான். அதில் பாதி, விலை ஏறட்டும் என்று காலியாகக் கிடக்கும். எட்டு வீட்டுக்காக அதே நூறு மீட்டர் குழாய், அதே எண்ணிக்கையில் விளக்குக் கம்பங்கள், அதே தூரத்துக்குக் குப்பை வண்டி. மாநகராட்சிகளுக்குக் கையில் காசு ஏன் நிற்பதில்லை என்பதற்கு இது முக்கியமான ஒரு காரணம். பழைய கடைவீதி அழுக்காக, நெரிசலாகத் தெரியலாம். ஆனால் ஒரு அடி நிலத்துக்கு அது ஊருக்குக் கொடுப்பது மிக அதிகம்.

சந்தையை நகர்த்தியபோது

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது காந்தி மார்க்கெட் கதை.

விடியற்காலை நாலு மணிக்கு அங்கே போய் நின்றால் ஊர் எப்படி இயங்குகிறது என்பது புரிந்துவிடும். லாரியிலிருந்து மூட்டை இறங்கும். சுமை தூக்குபவர் தலையில் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, "வழி, வழி" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பேர் எதிரெதிரே போகக் கஷ்டமான சந்தில் மூட்டையோடு ஓட்டமாய்ப் போவார். மொத்தமாக விற்கும் மண்டிக்காரர் கையில் சீட்டுப் புத்தகம். தள்ளுவண்டியில் காய் விற்பவர் தக்காளி ஒரு பெட்டி, வெங்காயம் அரை மூட்டை, கத்தரிக்காய் பத்துக் கிலோ என்று கலந்து எடுப்பார். கையில் முழுப் பணம் இருக்காது. "நாளைக்குத் தர்றேன்ணே" என்பார், சீட்டில் ஒரு கோடு விழும். பக்கத்தில் வாழையிலை, பூ, மளிகை. மெஸ் நடத்துபவர் எல்லாவற்றையும் ஒரே நடையில் எடுத்துக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவார்.

19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இந்தச் சந்தைக்கு இடம் போதவில்லை என்பது உண்மை. பகலில் லாரி வந்தால் தஞ்சாவூர் ரோடு வரை நெரிசல். அதனால் மொத்த வியாபாரத்தை வெளியே கொண்டுபோவது என்று அரசு முடிவு செய்து, மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் சுமார் 77 கோடி ரூபாய் செலவில் புதிய வளாகம் கட்டியது. 2017-ல் திறப்பு விழா நடந்தது. வியாபாரிகள் போகவில்லை. தூரம் அதிகம், கடைகளின் அளவு மொத்த வியாபாரத்துக்குப் போதாது என்றார்கள். பேச்சுவார்த்தை, வழக்கு, போராட்டம் என்று வருடங்கள் ஓடின. 2020 கொரோனா ஊரடங்கில் காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் மாதக்கணக்கில் நடந்தது. அப்போதுகூடக் கள்ளிக்குடி நிரம்பவில்லை. பிறகு காந்தி மார்க்கெட்டே மறுபடி திறந்தது.

வியாபாரிகளின் பிடிவாதம் என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தள்ளுவண்டிக்காரரின் நடையை நினைத்துப் பாருங்கள். அவர் வீடு பாலக்கரையில், விற்பது உறையூரில். கள்ளிக்குடிக்குப் போய்வர வண்டி வாடகையே அன்றைய லாபத்தைச் சாப்பிட்டுவிடும். அங்கே காய் கிடைத்தாலும் வாழையிலையும் மளிகையும் பழைய இடத்திலேயே இருந்தால் இரண்டு நடை. கடன் கொடுக்கும் மண்டிக்காரர் போனால் சின்ன வியாபாரி போவார், சின்ன வியாபாரி வருவார் என்று தெரிந்தால் மண்டிக்காரர் போவார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டடம் கட்டியாகிவிட்டது, நடையை யாரும் கட்டவில்லை.

ஆனால் சந்தையை நகர்த்தவே முடியாது என்பதும் இல்லை. சென்னையில் கொத்தவால் சாவடி 1996-ல் கோயம்பேட்டுக்குப் போனது. அன்றைக்கு அதுவும் தூரமாகத்தான் பட்டது. மொத்த வியாபாரம் கூட்டமாக ஒன்றாக நகர்ந்தது, அதனால் வாங்குபவருக்கு வேறு எங்கே போவது என்ற குழப்பம் வரவில்லை. அந்த இடமும் ஊர் வளரும் திசையில், நகரத்தோடு ஒட்டி இருந்தது. நகர்த்தினால் கூட்டையே நகர்த்த வேண்டும். பாதியை இங்கேயும் பாதியை அங்கேயும் வைத்தால் இரண்டும் நொண்டும்.

பஞ்சப்பூர்

இப்போது திருச்சி முன் இருக்கும் பெரிய பரீட்சை பஞ்சப்பூர். மதுரை சாலையில் சுமார் 40 ஏக்கரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் கட்டப்பட்டு 2025 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். ஜூலையில் பஸ்கள் ஓட ஆரம்பித்தன. வெளியூர்ப் பேருந்துகள் மத்தியப் பேருந்து நிலையத்திலிருந்து அங்கே மாறின. அதை ஒட்டி லாரி முனையம், டைடல் பூங்கா, புதிய காய்கறிச் சந்தை என்று வரிசையாகத் திட்டங்கள். காந்தி மார்க்கெட்டின் மொத்த வியாபாரம் இனி இங்கே என்பதுதான் யோசனை.

இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அங்கே இருந்தது, சுற்றி மாநகராட்சிக்கே சொந்தமான பரந்த நிலமும் இருந்தது. நிலம் கையகப்படுத்தும் தலைவலி இல்லை. பல ஊர்களில் புதிய பேருந்து நிலையம், புதிய கலெக்டர் அலுவலகம் எல்லாம் ஊருக்கு வெளியே போவதற்கு இதுதான் காரணம்: அரசு நிலம் எங்கே சும்மா கிடக்கிறதோ அங்கே திட்டம் போகும். தவறு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். புறவழிச்சாலைக்குப் பக்கத்தில் இருப்பதால் சென்னையிலிருந்து மதுரை போகிற பஸ் ஊருக்குள் நுழைந்து நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்கு நேரம் மிச்சம்.

ஆனால் நடைக் கணக்கு மாறுகிறது. மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கியவர் ரயிலைப் பிடிக்க ஜங்ஷனுக்கு நடந்தே போய்விடுவார். எதிரே லாட்ஜ், பக்கத்தில் ஓட்டல், கொஞ்சம் தள்ளிக் கலெக்டர் அலுவலகம். பஞ்சப்பூரில் இறங்கினால் டவுன் பஸ் மாற வேண்டும். மாறுவது தப்பில்லை, ஆனால் இரவு பதினொரு மணிக்குக் குழந்தையோடும் பெட்டியோடும் இறங்குபவருக்கு அந்த டவுன் பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பதில்தான் முழுத் திட்டமும் இருக்கிறது. சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்தபோது பக்கத்து ரயில் நிலையம் தயாராகவில்லை. மக்கள் மாதக்கணக்கில் பட்ட சிரமம் அதனால்தான். முனையம் முதலில், இணைப்பு பிறகு என்ற வரிசையை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பஞ்சப்பூர் இன்னொரு மையமாகுமா? பேருந்து நிலையம் மட்டும் மையத்தை உண்டாக்காது. சுற்றியுள்ள மனைகள் பெரிது பெரிதாக, காம்பவுண்டு சுவரோடு, நெடுஞ்சாலையைப் பார்த்து எழுந்தால், அங்கே பஸ் மாறுபவர் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். சின்ன மனை, நடக்க நிழல், தெருவைப் பார்த்த கடை, மேலே வீடு என்று இப்போதே தெருவை வரைந்தால், முப்பது வருடத்தில் அது உண்மையான கடைவீதியாகும். முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) இப்போது போடுகிற கோட்டில்தான் பேரப்பிள்ளைகள் நடப்பார்கள்.

பழைய மையத்துக்கு என்ன தேவை

சரி, மலைக்கோட்டைப் பக்கம் என்ன செய்வது? 2017-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் திருச்சி சேர்ந்தது. சத்திரம் பேருந்து நிலையம் புதிதாகக் கட்டப்பட்டது, பல அடுக்கு வாகன நிறுத்தம் வந்தது. நல்லதுதான். என் கவலை மாடிகளைப் பற்றியது.

கடைவீதியில் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். கீழே வெளிச்சம், விளம்பரம், கூட்டம். முதல் மாடியில் கிடங்கு, அதற்கு மேல் பூட்டிய ஜன்னல், செடி முளைத்த சுவர். இரவு ஷட்டர் இறங்கியதும் தெருவே இருண்டுவிடும், ஏனென்றால் அங்கே யாரும் குடியில்லை. அந்த மாடிகளில் வீடு வந்தால், வேலைக்கு நடந்தே போகக்கூடிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு இடம் கிடைக்கும், விளிம்பில் ஒரு நஞ்சை பிழைக்கும். ஏன் வரவில்லை? இதற்குப் பாதி விடை விதிகளில் இருக்கிறது. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். தமிழ்நாட்டில் 2019 விதிகளின்படி உயரம் குறைந்த கட்டடங்களுக்குப் பொதுவாக அது 2. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 4,800 சதுர அடி கட்டலாம். காகிதத்தில் தாராளம். ஆனால் பத்தடி அகல மனையில் பக்கத்தில் இடம் விட்டு, கார் நிறுத்தவும் இடம் காட்டச் சொன்னால் கட்ட என்ன மிஞ்சும்? அதனால் பழைய கட்டடத்தை முறையாகப் புதுப்பிக்க யாரும் முன்வருவதில்லை; அனுமதி இல்லாமல் ஒட்டுப்போடுகிறார்கள், அல்லது அப்படியே விட்டுவிடுகிறார்கள். காரில்லாமல் வாழ வசதியான ஒரே இடத்தில் கார் நிறுத்தும் விதியைக் கேட்பது பொருத்தமாக இல்லை. பழைய மையங்களுக்கென்று தனி விதி வேண்டும்.

நடப்பவர்களுக்கு இடம் என்பது அடுத்தது. சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலப்படுத்தினார்கள்; அதைப் பார்த்தவர்களுக்கு நம் ஊரிலும் முடியும் என்று தெரியும். என்.எஸ்.பி. ரோட்டில் சாலையோர வியாபாரிகளை அகற்றுவதும் அவர்கள் திரும்பி வருவதும் ஓயாத கதை. 2014-ன் சாலையோர வியாபாரிகள் சட்டம், கணக்கெடுத்து இடம் ஒதுக்கச் சொல்கிறது. அந்த லால்குடி அம்மா ஹேர்பின்னும் ரிப்பனும் வாங்குவது அவர்களிடம்தான். அவர்களும் அந்த நடையின் ஒரு பகுதி.

உங்கள் ஊரில் இதைப் பார்க்க ஆசையிருந்தால் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஒரு சனிக்கிழமை காலை கடைவீதிக்குப் போங்கள். நூறு மீட்டருக்கு எத்தனை வாசல் என்று எண்ணுங்கள். மாடியில் துணி காய்கிறதா என்று பாருங்கள். காய்ந்தால் ஆள் குடியிருக்கிறார்கள். அப்புறம் பேருந்து நிலையத்துக்கு வந்து, கட்டைப்பையோடு நிற்கும் யாராவது ஒரு அம்மாவிடம், "எந்த ஊரும்மா, இன்னைக்கு என்னென்ன வேலை முடிச்சீங்க?" என்று கேளுங்கள். அவர் விரல் மடக்கி எண்ண ஆரம்பிப்பார்.